கிளெயாந்திஸ் நிற்காத தேர்தல்

இப்போதெல்லாம் தேர்தல் என்றால் போஸ்டரில் பல்லைக் காட்டுகிறார்கள், அத்தோடு சரி. எண்பத்திரண்டில் அப்படியா? எங்கள் பெத்ரோவ்ரிசியில் ஒருத்தன் எந்தக் காபிக்கடையில் உட்காருகிறான் என்று பார்த்தாலே போதும், கட்சி தெரிந்துவிடும். சதுக்கத்தின் கிழக்கே மேயர் பெர்திக்கிஸின் ஆட்கள், மேற்கே நாங்கள். நாக்கு வறண்டு செத்தாலும் எதிர்க்கடையில் தண்ணீர் குடிக்க மாட்டோம். ஏதென்ஸில் யார் ஆண்டால் என்ன, ஊருக்குள் நாங்கள் எப்போதும் எதிர்க்கட்சிதான். அந்தச் சிகரெட் புகையும் கத்தலும் மேஜையைக் குத்தும் சத்தமும், இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஏக்கமாக இருக்கிறது.

கட்சிக் கமிட்டியில் நான் ஒருத்திதான் பெண். போலிக்ஸேனி என்றால் எல்லோருக்கும் தெரியும். துணிக்கடை வைத்திருந்தேன், வாயும் வைத்திருந்தேன். அந்த வாய்க்குப் பயந்துதான் என்னைச் சேர்த்தார்கள் என்று என் புருஷன் மாந்தோஸ் சொல்வார். அவரும் கமிட்டியில்தான் இருந்தார், வாயைத் திறக்காமல்.

எங்கள் வேட்பாளர் யார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. கிளெயாந்திஸ். இராணுவ ஆட்சியில் தீவுச் சிறையில் கல் சுமந்தவர். திரும்பி வந்து இரண்டு முறை மேயருக்கு நின்று, இரண்டு முறையும் மயிரிழையில் தோற்றவர். இந்தத் தடவை மேயர் நாற்காலியை அவருக்கு வாங்கிக் கொடுத்தே தீருவது என்று கட்சியே மனதில் எழுதி வைத்திருந்தது. தவிர, ஊரில் நாற்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு அவர் ஞானத்தகப்பன். என் மகள் அர்கிரோவுக்கும் அவர்தான். அந்த முறையில் நான் அவரைக் கும்பாரே என்பேன், அவர் என்னைக் கும்பாரா என்பார். கூடப்பிறந்தவர்களைவிட ஒரு படி மேலான உறவு அது.

அந்தக் காலத்தில் ஓட்டு வேண்டுமென்றால் ஞானத்தகப்பனாக நின்று குழந்தைக்கு ஞானஸ்நானம் செய்துவைப்பார்கள். எண்ணெய் பூசிப் பெயர் வைத்துவிட்டால் அந்த வீடு முழுக்க உங்கள் பக்கம். பெர்திக்கிஸும் செய்தார், ஆனால் ஆண் குழந்தைகளுக்கு மட்டும். பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனால் தலைவலி, இடுப்புவலி என்று நழுவிவிடுவார். பொம்பளைப் பிள்ளை என்றால் இளப்பமா என்று நாங்கள் கரித்துக்கொட்டினோம். கிளெயாந்திஸ் ஆணென்றும் பெண்ணென்றும் பார்க்கவில்லை. எங்களுக்கு அதில் எவ்வளவு பெருமை!

பிள்ளைகள் கல்யாண வயதுக்கு வரும்வரைதான் அந்தப் பெருமை. ஒரே கையால் எண்ணெய் பூசப்பட்டவர்கள் கோயில் கணக்கில் அண்ணன் தங்கை. கட்டிக்கொள்ள முடியாது. பையன்கள் மட்டும் என்றால் இந்தச் சிக்கலே இல்லை; பெர்திக்கிஸ் ஏன் அவர்களோடு நிறுத்திக்கொண்டார் என்பது அப்போதுதான் எங்கள் மரமண்டையில் ஏறியது.

என் அர்கிரோ ஆசைப்பட்டது அஹிலேயாஸை. அவனும் கிளெயாந்திஸ் எண்ணெய் பூசிய பிள்ளை. பாதிரியார் கையை விரித்துவிட்டார். கோயில் வேண்டாமென்றால் மேயர் முன்னால் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று அந்த வருஷம்தான் புதுச் சட்டம் வந்திருந்தது. ஆனால் அவரவர் ஊர் மேயர்தான் செய்துவைக்க வேண்டும். பெர்திக்கிஸுக்குப் பிஷப்பிடம் பயம். நகராட்சி மண்டபத்துக்கு வெள்ளையடிக்கிறோம், அப்புறம் வாருங்கள் என்று மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"தேர்தல் முடியட்டும்மா. இவங்களே திரும்பி வந்தா, பருத்தி எடுத்த கையோட நாங்க ஜெர்மனிக்குப் போயிடுவோம்," என்றாள் அர்கிரோ. "ஸ்டுட்கார்ட்ல அவனோட மாமா இருக்காரு. அங்க யாரும் எண்ணெயைப் பத்திக் கேக்க மாட்டாங்க."

ஜெர்மனிக்குப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆகஸ்டில் கார் ஓட்டிக்கொண்டு வருவார்கள், வெயில் இறங்குவதற்குள் போய்விடுவார்கள். எனக்கு இருப்பது ஒரே பெண்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் காபிக்கடையின் பின்னறையில் கமிட்டி கூடியது. வக்கீல் யோர்தானிஸ் தேர்தல் அறிக்கையை வாசித்தான். அந்நியப் படைத்தளங்களை அகற்றுவோம் என்று ஆரம்பித்தது, பக்கம் பக்கமாகப் போய்க்கொண்டே இருந்தது.

"நிறுத்துடா," என்றேன். "நம்ம ஊர்ல படைத்தளம் எங்கடா இருக்கு? கோழிப்பண்ணைக்குப் பின்னாடியா?"

"அது கொள்கை, அக்கா."

"எந்த வீட்ல அம்மாக்காரி அழுதுக்கிட்டு இருக்காளோ, அங்க போய்த் தேடு கொள்கையை! ஜெயிச்சா மண்டபத்தைத் திறப்போம், கல்யாணம் பண்ணி வைப்போம்னு எழுது. பெர்திக்கிஸ் ஆளுங்க வீட்டுப் பசங்களுக்கும் சேர்த்துத்தான். பொண்ணு ஊரைவிட்டுப் போகக்கூடாதுன்னு அவங்களுக்கும் இருக்கும்ல?"

கிளெயாந்திஸ் மேஜையை ஓங்கிக் குத்தினார்.

"அடி சக்கை! இதுதான் கும்பாரா, ஜெயிக்கிற பேச்சு. முதல் கையெழுத்து நம்ம அர்கிரோவுக்குத்தான். இந்தக் கையால நானே போடுறேன்!"

கையைத் தூக்கிக் காட்டினார். எண்ணெய் பூசிய கை அது. மாந்தோஸைப் பார்த்தேன், அவர் குனிந்து சிலுவை போட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் தங்கை ஆக்கிய கையே அதை அறுப்பதா? சட்டம் ஆயிரம் சொல்லட்டும். கட்சிக்காரி எனக்கே மனசு ஒப்பவில்லை என்றால், மற்ற தாய்மார்கள் எப்படி ஓட்டுப் போடுவார்கள்?

"கும்பாரே," என்றேன், "நீங்க நிக்கக் கூடாது."

காரணத்தையும் சொன்னேன். யோர்தானிஸ் எகிறிக் குதித்தான். "அவரு தீவுல கல்லு சுமந்தப்ப நீங்க இங்க துணி கிழிச்சுக்கிட்டு இருந்தீங்க, அக்கா!"

"தெரியும்டா. நாம அவருக்குக் கடமைப்பட்டவங்க. அந்தக் கடனை ஊர்க்காரன் ஓட்டுல தீர்த்துக்கப் பாக்குறோம். அவன் ஏன்டா தீர்க்கணும்?"

கிளெயாந்திஸ் எழுந்தார். காதெல்லாம் சிவந்திருந்தது. "இருபது வருஷமா அந்த நாற்காலியைப் பாத்துக்கிட்டு இருக்கேன். உன் பொண்ணுக்காக என்னை விலகச் சொல்றியா?"

"ஆமா," என்றேன். பொய் சொல்ல நாக்கு வரவில்லை. "அவளுக்காகவும்தான்."

தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த வாரம் கட்சிக்காரன் எவனும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மாந்தோஸ்கூடச் சூப்பைக் குடித்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஒரு மத்தியானம், கடையை அடைக்கப் போகும் நேரத்தில் கிளெயாந்திஸ் வந்தார். முக்காலியில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டுக்கொண்டார்.

"நான் எண்ணெய் பூசின பிள்ளைங்க வீடு ஒண்ணு விடாமப் போனேன்," என்றார்.

"என்ன சொன்னாங்க?"

"ஓட்டு உங்களுக்குத்தான்னாங்க. மூஞ்சிக்கு நேரா வேற என்ன சொல்லுவாங்க? அப்புறம் கல்யாணப் பேச்சை எடுத்தேன். அஹிலேயாஸோட அம்மா ஸ்டமாத்தா என் கையைப் பிடிச்சுக்கிட்டா. 'கல்யாணம் வேணும்யா, ஆனா இந்தக் கையெழுத்து வேணாம், எம்புள்ள மேல பாவம் விழுந்துடும்'னு அழுதா. கையை விடவே இல்ல, போலிக்ஸேனி."

தண்ணீர் கொடுத்தேன்.

"நான் நின்னா அந்தக் கல்யாணக் கொள்கை செத்துப்போகும். அதை விட்டுட்டு நின்னா, யோர்தானிஸோட படைத்தளத்தைக் கட்டிக்கிட்டு மூணாவது தடவையும் தோக்கலாம். மாட்டு டாக்டர் மெனெலாவோஸைக் கேட்டுட்டு வந்திருக்கேன். நிக்கிறேன்னுட்டான்."

"அவனா! அவன் கட்சிக்காரனே இல்லையே. பேச்சு வேற திக்கும்."

"திக்கட்டும். எங்கிருந்தோ வந்த தீவுக்காரன், இங்க ஒரு பிள்ளைக்கும் எண்ணெய் பூசினதில்ல. ரெண்டு பக்கத்து மாட்டையும் பாக்குறான், ரெண்டு கடையிலயும் காபி குடிக்கிறான். நம்மள்ல எவனால முடியும், சொல்லு?"

சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் அழுதேன், வெட்கமில்லாமல் அழுதேன்.

அதற்குப் பிறகு அவர் சுற்றிய சுற்று! டாக்டரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வீடு வீடாக ஏறினார். கிழக்குக் காபிக்கடைக்குள்ளேயே போனார், வாழ்நாளில் முதல் தடவையாக. "என்ன கிளெயாந்திஸ், வழி தவறிட்டியா?" என்று ஒருத்தன் கேட்டான். "உன் பையன் ஜெர்மனிக்கு வழி கேட்டுக்கிட்டு இருக்கானே, அதுக்கு இது தேவலாம்டா," என்றார். கடையே சிரித்தது, கேட்டவன் மட்டும் சிரிக்கவில்லை. அவன் வீட்டு ஓட்டு எங்களுக்கு விழுந்தது என்று நான் இன்றைக்கும் அடித்துச் சொல்வேன்.

ஜெயித்தோம். கொஞ்ச ஓட்டு வித்தியாசத்தில்தான், ஆனாலும் ஜெயித்தோம். மேற்குக் கடையில் ஆட்டமும் பாட்டும் சிப்புரோ சாராயமும், யார் யாரைக் கட்டிப்பிடித்தார்கள் என்று தெரியாத சந்தோஷம். எல்லோரும் மெனெலாவோஸைத் தோளில் தூக்கினார்கள். கிளெயாந்திஸ் நாற்காலிகளை ஓரமாக எடுத்துப் போட்டு அவர்களுக்கு வழி விட்டுக்கொண்டிருந்தார்.

ஜனவரியில் புது மேயர் பதவியேற்ற வாரமே அர்கிரோவுக்குக் கல்யாணம். மண்டபம் நிறைந்து படிக்கட்டுவரை கூட்டம். கிழக்குக் கடைக்காரர்களும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். மெனெலாவோஸ் சட்டத்தைத் திக்கித் திக்கி வாசித்தான். ஸ்டமாத்தா என் கையை நசுக்கிக்கொண்டிருந்தாள். கிளெயாந்திஸை மட்டும் எங்கேயும் காணோம்.

கையெழுத்தானதும் நான் கீழே இறங்கி ஓடினேன். சதுக்கத்தில், குளிரில், பிளாட்டான் மரத்தடியில் தனியாக நின்றுகொண்டிருந்தார். கறுப்பு சூட், வெள்ளைச் சட்டை. அந்த சூட்டை நான் பார்த்ததே இல்லை.

"ஏன் மேல வரல? பைத்தியமா உங்களுக்கு?" என்று கத்தினேன்.

"நான் உள்ள நின்னா ஸ்டமாத்தாவுக்குப் பயமா இருக்கும். கையெழுத்து ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சு."

"அப்ப இனிமே வரலாம்." கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். நான் அதையே பார்ப்பதைக் கண்டு கொஞ்சம் கூச்சப்பட்டார்.

"பதவியேத்துக்குற அன்னிக்குப் போடலாம்னு போன வருஷமே தைச்சு வச்சது," என்றார். "மக கல்யாணத்துக்கும் ஆகும்ல, கும்பாரா?"

கையைக் கோத்துக்கொண்டு அவரைப் படியேற்றிக் கூட்டிப் போனேன்.