அபூதாஹிர் வீட்டுக் கல்

இத்தால் சகலருக்கும் அறியத் தருவது யாதெனில்: போர்த்துக்கேயன் கோட்டை கட்டியதும், ஒல்லாந்தன் அதைப் பிடித்ததும், வெள்ளைக்காரன் எண்ணெய்த் தாங்கிகளை வரிசையாக நட்டுவிட்டுப் போனதும் இனிமேல் இரண்டாம் பட்சம். திருகோணமலைத் துறைமுகத்தின் மெய்யான சரித்திரம் இந்த வருடம் ஒக்டோபர் மாதம் ஆரம்பமாகிறது. உட்துறைமுகத்தைப் பார்த்த ஒழுங்கையில், கடைசிக்கு முந்திய வீட்டு யன்னலில், கல் ஒன்று பூக்கும்.

அறிவித்தவர் அபூதாஹிர், ஓய்வுபெற்ற சரக்குக் கிட்டங்கி மேற்பார்வையாளர். அறிவித்த இடம், முச்சந்தித் தேத்தண்ணிக் கடை. காலம், ஜனவரி. செவிமடுத்தோர், நானும் ரொட்டி போடுகிறவரும். ரொட்டி போடுகிறவர் பாதியில் எழுந்து உள்ளே போய்விட்டதால், சாட்சி நான் ஒருவன்தான். எனக்கும் அவருக்கும் ஒரே மதில். தப்ப வழியில்லை.

கல் என்று அவர் சொன்னது பெருமைக்கு. அது செடி. தென்னாபிரிக்காவின் வறண்ட நிலத்தில், கூழாங்கற்களுக்கு நடுவில் தானும் ஒரு கூழாங்கல்லாக வேஷம் போட்டு, மேய்கிற வாய்களுக்குத் தப்பி வாழ்கிற செடி. தண்டு இல்லை, கிளை இல்லை. இரண்டு தடித்த இலைகள் ஒட்டிப் பிறந்து நடுவில் ஒரு வெடிப்பு, அவ்வளவுதான் ஆள். லிதொப்ஸ் என்பது புத்தகப் பெயர். அவருடைய மனைவி ரபீக்கா வைத்த பெயர் கொட்டைப்பாக்கு.

ஐந்து வருடத்துக்கு முன்னர் விதை தபாலில் வந்தது. நாற்பது விதைகள். ஒரு தும்மல் போதும், நாற்பதையும் தொலைக்க. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு விதைத்தார், முளைத்தன. முதல் மாரி இருபத்திரண்டைக் கொண்டுபோனது. கடற்காற்றின் உப்பு ஆறைக் கொண்டுபோனது. அடுத்த வீட்டுக் கோழி மூன்றை. அடுத்த வீடு என்றால் என் வீடு. அதைப் பற்றி நாங்கள் கதைப்பதில்லை. மிச்சம் எட்டை அவருடைய அன்பு கொன்றது. அந்த நாட்களில் அவருக்கும் அன்பு என்றால் தண்ணீர்தான். கடைசியில் எஞ்சியது ஒன்று.

அந்த ஒன்றுக்கு நடந்த உபசாரம் எந்த மந்திரிக்கும் நடந்ததில்லை. காலை ஆறரைக்குப் பரிசோதனை. பழைய கிட்டங்கிப் பதிவேட்டில் திகதி போட்டு, 'நிலைமை: மாற்றமில்லை' என்று எழுதி, கீழே கையொப்பம். நான் ஒருநாள் புரட்டிப் பார்த்தேன். நான்கு வருடத்துக்கும் மேலாக ஒவ்வொரு நாளும் மாற்றமில்லை. சட்டிக்கு மேலே சுவரில் கொட்டை எழுத்தில் ஒரு பலகை: 'அறிவித்தல். தண்ணீர் ஊற்ற வேண்டாம். உத்தரவுப்படி.' யாருடைய உத்தரவு என்று கேட்டேன். தன்னுடையதுதான் என்றார்.

சிரிக்கத்தான் போனேன். ஆனால் ஜனவரி முடிகிற ஒரு காலையில் அவர் மதிலுக்கு மேலால் என்னைக் கூப்பிட்டு, கையில் பூதக்கண்ணாடியைத் தந்து, யன்னலைக் காட்டினார். செடியின் வெடிப்பு நூலளவு திறந்திருந்தது. உள்ளே பார்த்தேன். இருட்டுக்குள் இன்னொரு செடி இருந்தது. பழைய இலைச் சோடிக்குக் குறுக்காக, அதே வடிவில், அதே கோலங்களோடு, நகக்கண் அளவில் ஒரு புதுச் சோடி. கதவு இடுக்கால் எட்டிப் பார்க்கிற குழந்தையைப்போல அது என்னைப் பார்த்தது. நான் வாயை மூடிக்கொண்டேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய சம்பவம் என்று தெரியும்.

அவர் தாழ்ந்த குரலில் விளக்கினார். இந்த நேரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது. பழைய இலைகள் தங்களுக்குள் இருக்கிற ஈரம் முழுவதையும் புதுசுக்குக் குடிக்கக் கொடுத்துவிட்டுக் கடதாசியாக வற்றவேண்டும். தண்ணீர் பட்டால் பழசு வற்றாது. வீங்கி, அழுகி, உள்ளே இருப்பதையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும். புதுச் சோடி நல்லபடி வெளியே வந்தால்தான் ஒக்டோபரில் பூ.

"வராட்டி அடுத்த முறை பாக்கலாந்தானே" என்றேன்.

"எனக்கு அறுபத்தேழு, தவராசா. திரும்ப விதை போட்டு அஞ்சு வருசம் காவலிருக்க ஏலாது. முப்பத்தொரு வருசம் ஊராக்கள்ட சாமானுக்குக் காவலிருந்தன். சீனி, மா, சீமெந்து. எல்லாம் வந்த வழியால போயிட்டு. என்ட கையில முளைச்சது இது ஒண்டுதான். இது பூக்கிறத நான் பாக்கணும்."

பிரசங்கம் செய்யாமல் அவர் சொன்ன முதல் வார்த்தைகள் அவை. நான் பூதக்கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தேன்.

பெப்ரவரியில் அவருக்கு ஒப்பரேசன் வந்தது. 'பெரிய சத்திரசிகிச்சை' என்று ஊருக்கு அறிவித்திருந்தார், குடலிறக்கம். கண்டிக்குப் போய் வெட்டித் தைத்துக்கொண்டு நாலாம் நாள் வந்து, உள் அறையில் படுத்தார். பத்து நாளைக்கு எழும்பக்கூடாது என்பது வைத்தியர் உத்தரவு. அந்த உத்தரவை அவர் மதித்தார், ஏனென்றால் நோவு.

பிறகு சுகம் விசாரிக்க ஊர் வந்தது. பெரிய சத்திரசிகிச்சை அல்லவா? கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் ரபீக்காவின் சொந்தங்கள், பழைய கிட்டங்கி ஆட்கள், குச்சவெளியில் இருந்து பஸ் மாறி வந்த ஒரு குடும்பம். விறாந்தையில் யன்னலோரக் கதிரையில் உட்காருவார்கள். ரபீக்கா முதலில் குளிர்ந்த தண்ணீர் கொடுப்பார். வெயிலில் வந்தவர்கள் பாதி குடிப்பார்கள். பிறகு ஒவ்வொருவராக உள்ளே போய், நோயாளியைப் பார்த்து, தங்களுக்குத் தெரிந்தவர்கள் இதே ஒப்பரேசனில் பட்ட கஷ்டங்களைச் சொல்லி, பிஸ்கட் பெட்டியை வைத்துவிட்டுப் போவார்கள்.

ஒன்பதாம் நாள் அசர் தொழுகைக்குப் பிறகு, அபூதாஹிர் சுவரைப் பிடித்துக்கொண்டு விறாந்தைக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன். யன்னலோரக் கதிரையில் அப்துல் மஜீத் இருந்தார்: ரபீக்காவின் நானா, அதாவது அண்ணன், கிண்ணியாவில் கருவாட்டு வியாபாரம். அவர் கையில் கிளாஸ், கிளாஸ் சரிவாக, அதன் வாய் சட்டிக்கு நேர் மேலே.

அபூதாஹிர் நடந்து போய், சட்டியின் சரளைக்குள் விரலை விட்டு, எடுத்துப் பார்த்தார். விரல் நனைந்திருந்தது.

"மச்சான், மேல பலகையில என்ன எழுதியிருக்கு?"

"தண்ணி ஊத்த வேணாம் எண்டு."

"அப்ப நீங்க என்ன செய்யிறீங்க?"

"நான் எங்க ஊத்தினன்? குடிச்ச மிச்சத்தத்தானே விட்டன். அது ஊத்துறதா?"

இதில் அப்துல் மஜீத்தின் மேல் குற்றமில்லை. எங்கள் பகுதியில் குடித்த மிச்சத்தை வடிகால் கானில் கொட்டுகிறவன் மனிதனில்லை. அது வீண்விரயம், கிணறு வற்றும், பள்ளியில் கேட்டாலும் கோயிலில் கேட்டாலும் ஒரே பதில்தான். மிச்சத் தண்ணீர் பக்கத்திலிருக்கிற ஏதோவொரு வேருக்குப் போகவேண்டும். அது தண்ணீர் ஊற்றுவதில் சேராது. பலகையை வந்தவர்கள் எல்லோரும் வாசித்திருந்தார்கள், எல்லோரும் மதித்திருந்தார்கள். ஒன்பது நாளில் நாற்பதுக்கு மேற்பட்ட பேர், ஆளுக்கு ஒரு மிடறு, மிகுந்த மரியாதையோடு.

முதல் நாள் முதல் ஆளாக அந்தக் கதிரையில் இருந்தவன் நான். என் கிளாசிலும் பாதி மிச்சமிருந்தது. இதை அபூதாஹிரிடம் இன்றுவரை சொல்லவில்லை.

அவர் கதிரையை இழுத்து உட்கார்ந்து, ஒரு கையால் வயிற்றுத் தையலைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் செடியை மண்ணிலிருந்து தூக்கினார். வேர் மயிரளவு. இலைகள் மெழுகுபோல வீங்கி, ஒரு ஓரத்தில் மண்ணிறப் புள்ளி விழுந்திருந்தது. நெல்லுமுனை அளவுதான்.

பிறகு ரபீக்காவிடம் தீப்பெட்டி கேட்டார்.

கிட்டங்கியில் ஒரு சட்டம் உண்டு. மூட்டை தரையைத் தொடக்கூடாது, சுவரையும் தொடக்கூடாது. அடியில் பலகை, பலகைக்கு அடியில் காற்று. நனைந்து வந்த சரக்கைக் காப்பாற்ற வேறு வழியில்லை. அபூதாஹிர் ஒரு பீங்கான் தட்டில் தீக்குச்சிகளை நெடுக்காகவும் குறுக்காகவுமாக நாலு அடுக்கு அடுக்கினார். அதன்மேல் செடியைக் கிடத்தினார். ஆயிரம் தொன் அரிசிக்குப் பொறுப்பாக இருந்த மனிதர், கொட்டைப்பாக்கு அளவுள்ள ஒரு சரக்கை மண்ணும் இல்லாமல் தண்ணீரும் இல்லாமல் தீக்குச்சிமேல் ஏற்றிவிட்டு, காற்றைக் காவல் காக்கத் தொடங்கினார். காலையில் தரைப்பக்கக் காற்று: யன்னலைத் திற. பத்து மணிக்குப் பிறகு கடற்காற்று: சாத்து. படுக்கையில் கிடந்தபடி, முகத்தில் படுகிற காற்றின் பிசுபிசுப்பை வைத்து, உள்ளிருந்தே உத்தரவு போடுவார். ரபீக்கா குசினியிலிருந்து ஓடிவந்து திறப்பார், சாத்துவார். முதல் மூன்று நாள் கொட்டைப்பாக்கு என்று முணுமுணுத்தபடி. நாலாம் நாளிலிருந்து முணுமுணுப்பு நின்றது. கூப்பிடாமலே வந்தார்.

நானும் ஒவ்வொரு நாளும் போனேன். சுகம் விசாரிக்க என்று சொல்லிக்கொண்டு.

ஐந்தாம் நாள் புள்ளி பெருக்கவில்லை. எட்டாம் நாள் காய்ந்து வடுவாயிற்று. பதினோராம் நாள் வீங்கிய இலைகளில் முதல் சுருக்கம் விழுந்தது. அபூதாஹிர் அதைப் பேரப்பிள்ளையின் முதல் பல்லைப்போல எனக்குக் காட்டினார். அதன்பின் நடந்ததை நான் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. எதையும் கொடுக்காத தட்டில், எதையும் கேட்காமல், அது தன் பழைய உடம்பைத் தானே குடித்துக்கொண்டிருந்தது. பழசு நாளுக்கு நாள் மெலிய, வெடிப்பு அகல, உள்ளே இருந்தது நாளுக்கு நாள் உயர்ந்தது. பத்தொன்பதாம் நாள் காலையில் பழைய இலைகள் வெங்காயத் தோலாகக் கிடந்தன. நடுவில், கழுவித் துடைத்ததுபோல, சாம்பலும் செம்மண்ணும் கலந்த கோடுகளோடு, புதுச் சோடி நின்றது. இந்தத் துறைமுகத்தில் எத்தனையோ கப்பல்கள் நீருக்குள்ளிருந்து எழுவதுபோல அடிவானத்தில் ஏறிவரப் பார்த்திருக்கிறேன். ஒன்றுக்கும் எனக்கு மயிர்க்கூச்செறிந்ததில்லை.

ரபீக்கா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"இவ்வளவு நாளும் நாம இதுக்கு ஒண்டுமே குடுக்கல்லியே" என்றார் மெதுவாக.

அபூதாஹிர் பதிவேட்டை எடுத்தார், பேனாவைத் திறந்தார். 'நிலைமை' என்று எழுதினார். அதற்குமேல் அன்றைக்கு அவருக்கு எழுத வரவில்லை.

ஏப்ரலில் புது மண்ணில் வைத்தார். கச்சான் காற்று மாதங்களில் ஊரே வெந்து கிடந்தபோது அது அசையாமல் இருந்தது. செப்டெம்பர் கடைசியில் வெடிப்பு மறுபடி திறந்து, மஞ்சளாக ஒரு ஊசிமுனை தெரிந்தது. உடனே பழைய அபூதாஹிர் திரும்பி வந்தார். அழைப்பிதழ் தட்டச்சுச் செய்யப்பட்டது. 'கல் பூக்கும் வைபவம்'. கதிரைகள் வாடகைக்கு வந்தன. நாலு பக்கத்தில் தலைமையுரை, தலைவரும் அவரே.

ஒக்டோபர் ஒன்பது, பிற்பகல் மூன்று மணி. முப்பது பேர் அளவில் விறாந்தையிலும் முற்றத்திலும் நின்றார்கள். அப்துல் மஜீத் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு தூரத்தில் நின்றார். அபூதாஹிர் சட்டைப் பையிலிருந்து உரையை எடுத்து, தொண்டையைச் செருமி, "பெரியோர்களே" என்றார்.

அந்த நேரத்தில் வெயில் யன்னலுக்கு வந்தது. மொட்டு அசைந்தது. காற்றில் அசையவில்லை; தானாக அசைந்தது. ஒரு இதழ் விலகியது. பிறகு இன்னொன்று. நூல்நூலாக, கண்ணுக்குத் தெரிகிற வேகத்தில், கல்லின் வயிற்றிலிருந்து மஞ்சள் விரிந்தது. விரிந்து, விரிந்து, கடைசியில் கல்லையே மூடிவிட்டது. பூ மட்டும் நின்றது. படம் எடுக்கக் கைபேசியைத் தூக்கியவர்கள் தூக்கியபடி மறந்து நின்றார்கள். உட்துறைமுகத்தில் எங்கோ ஒரு வள்ளத்தின் இயந்திரம் நின்றுபோனது எனக்குக் கேட்டது.

உரை அவர் கையிலேயே இருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை, எங்களைப் பார்க்கவில்லை. முழங்காலை மடித்து யன்னல் மட்டத்துக்கு முகத்தைக் கொண்டுவந்து, பூவைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கண்ணீர் வந்ததைத் துடைக்கவும் இல்லை. ரபீக்கா வந்து அவர் தோளில் கையை வைத்தார். ஐந்தரைக்கு வெயில் போய் அது மூடிக்கொள்ளும் வரைக்கும் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. நானும் போகவில்லை.

அதே அளவில், அதே மஞ்சளில், கிட்டத்தட்ட அதே மாதிரியான ஒரு பூ எங்கள் ஒழுங்கைக் கானோரம் வருடம் முழுவதும் ஆயிரக்கணக்கில் பூக்கிறது. தெருவில் திரிந்து பொலித்தீன் தின்கிற எங்கள் ஊர் மான்கள்கூட அதை முகர்ந்துவிட்டு விலகிப் போகின்றன.