ஏழு குப்பிகளில் ஓர் உயிர்

புத்தளம் களப்பின் உப்புநீரில் கடற்பசுவைக் கண்ணால் கண்டவர் சிலரே. கடற்புல் மேய்ந்துவிட்டு அது கழிக்கும் சாணம் மட்டும் சில காலைகளில் நீர்மேல் மிதக்கும். பிடிக்காமல், குத்தாமல், ஒரு துளி இரத்தமும் எடுக்காமல், அச்சாணத்தில் ஒட்டிய உயிரணுக்களைக் கொண்டே எத்தனை கடற்பசுக்கள் வாழ்கின்றன என்று அறியலாம் என்றாள் ஆய்வாளர் றிஃப்னா. ஆலங்குடாக் கரையில் அவளை நம்பிய மீனவர் ஒருவரே: உசனார்.

"மீன் கொண்டு வந்த மனிசன் இப்ப சாணி கொண்டு வாறாரு. நாளைக்குச் சோத்துக்கு ஊத்துற ஆணமும் இதிலதானா?" என்று கேலி செய்தாள் அவருடைய மனைவி முஃபீதா.

உசனார் சிரித்தபடியே சேகரித்தார். இரண்டு ஆண்டுகளில் ஏழு குப்பிகள். ஏழு குப்பி என்றால் ஏழு உயிர் என்றே எண்ணினார்.

சென்ற மாதம் திருக்கை மீனுக்கு அவர் விரித்த வலையில் ஒரு கடற்பசு சிக்கி, மூச்செடுக்க மேலே வரமுடியாமல் மாண்டது. வெளியே தெரிந்தால் சிறை. கல்லைக் கட்டி ஆழத்தில் இறக்கிவிட்டார். ஏழில் ஒன்றுதானே, இன்னும் ஆறு உண்டு என்று நெஞ்சைத் தேற்றினார். மனிதன் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் ஆறுதலைவிடக் கொடிய பொய் எது?

இன்று றிஃப்னா முடிவுத் தாளோடு கரைக்கு வந்தாள்.

"உசனார் நானா, ஏழு குப்பியும் ஒரே பெண் கடற்பசுட சாணம். வேற ஒண்டும் இல்ல."

"ஒண்டா?"

"ஓம். ஆனா ஒண்டாவது இரிக்கிதே! இஞ்ச திருக்கை வலைய நிப்பாட்டச் செல்லி இண்டைக்கே எழுதப் போறன்."

அந்தக் கடற்பசு மாண்ட நாளிலிருந்து நீர்மேல் சாணமே மிதக்கவில்லை என்பது உசனாருக்கு இப்போதுதான் உறைத்தது. வாய் திறவாதிருந்தால் யாருக்குத் தெரியும்? குப்பிகள் சேகரித்ததற்காக ஊர் அவரைப் புகழவும் கூடும். ஆனால் 'ஒன்றுதானே' என்று எத்தனை பேர் எத்தனை முறை கல்லைக் கட்டினார்களோ! அப்படித்தானே இந்தக் களப்பில் கடைசியாக ஒன்றே ஒன்று மிஞ்சியது?

"இரிக்கிண்டு எழுத வாணாம், தங்கச்சி. அது என்ட வலையில மௌத்தாப் போச்சி. நான்தான் கல்லக் கட்டித் தாட்டன்."

றிஃப்னா முடிவுத் தாளை மடித்தாள்.

"எத்தின நாளாச்சி?"

"பத்தொம்பது."

"ஏன் நானா செல்லல்ல?"

"இன்னும் ஆறு இரிக்கிண்டு நெனச்சன்."

அவள் தோணியின் விளிம்பில் அமர்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். உசனார் அருகே போகத் துணியவில்லை.

"முதல்ல என்ட பேர எழுதுங்க," என்றார். "பொறகு கரையில நிக்கிற ஒவ்வொருத்தனயும் கூப்பிட்டு, நீ எத்தின தாட்டாய்ண்டு நானே கேக்கிறன்."

றிஃப்னா பேனையைத் திறந்தாள். உசனார் தம் முழுப் பெயரைச் சொன்னார்.