லாஸ்கினுக்கு டெலிபோன்

பெர்நாட்டி கிரில்லில் சாப்பாட்டுக்கு அடுத்தபடியாகப் பேர்போனது என் தொண்டை. ஹாலின் நடுவே நின்று, "மிஸ்டர் இன்னாருக்கு டெலிபோன்!" என்று நான் ஒரு சத்தம் போட்டால் ஹாலிவுட்டில் பாதிப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். பெயருக்கு உரியவர் கையைத் தூக்குவார். வெயிட்டர் நீள வயரோடு டெலிபோனை அவர் மேஜைக்குக் கொண்டுபோவான்.

பாதி அழைப்புகள் பொய். சான்ஸ் தேடும் நடிகைகள் எதிர்ச்சாரி மருந்துக்கடை டெலிபோன் பூத்திலிருந்து தங்கைகளை விட்டுப் போன் போடுவார்கள். தங்கள் பெயர் ஏதாவது ஒரு தயாரிப்பாளர் காதில் விழ வேண்டும், அவ்வளவுதான். தெரிந்தேதான் கூப்பிடுவேன். போன் வந்தால் பெயரைக் கூப்பிட வேண்டும், யார், எதற்கு என்று கேட்கக்கூடாது. முதலாளி ஆல்டோ பெர்நாட்டி கடை திறந்த அன்றே போட்ட சட்டம் அது.

ஊமைப்படக் காலத்தில் திறந்த கடை. மதுவிலக்கு வந்தபோது ஆல்டோ போலீஸ்காரர்கள் கண்ணெதிரே காபிக் கோப்பையில் ஒயின் ஊற்றினார். படங்கள் பேச ஆரம்பித்து, குரல் சரியில்லாத நட்சத்திரங்கள் வீட்டோடு முடங்கியபோது, அவர்கள் வந்தால் பழைய மேஜையையே கொடுத்தார். எழுத்தாளர்களுக்குப் பின்வரிசை. வெங்காயம் போட்டு வதக்கிய ஈரல் ஒரு தட்டு வாங்கிக்கொண்டு மாலை வரை ஸ்டூடியோக்காரர்களைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். ஆல்டோ ஒருவரையும் எழுப்பியதில்லை. அந்த மனுஷன்தான் 1951இல் பயந்தார்.

பின்வரிசைக்காரர்களில் ஒருவர் ஹெர்ஷ் லாஸ்கின். அவர் எழுதிய வேடிக்கைப் படங்களைப் பார்த்து ஊரே வயிறு வலிக்கச் சிரித்தது. உன் சிநேகிதர்களில் யார் யார் கம்யூனிஸ்ட் என்று வாஷிங்டனில் நடந்த அரசாங்க விசாரணையில் அவரைக் கேட்டார்கள். அவர் ஒரு பெயரும் சொல்லவில்லை. உடனே எல்லா ஸ்டூடியோக்களும் கதவைச் சாத்தின. எழுதிய படங்களிலிருந்தே அவர் பெயரை எடுத்தார்கள். மதியம் எங்கள் கடைக்குத் தனியாக வந்து உட்காருவார். அவர் எழுதிய வசனத்தைப் பேசிப் பெரிய ஆளானவர்கள் மெனு அட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்புறம் தினமும் மதியம் அவருக்குப் போன் வர ஆரம்பித்தது. மனைவி பெஸ்ஸி.

"அவரைக் கூப்பிடும்மா. நல்லா சத்தமா கூப்பிடு."

கூப்பிடுவேன். லாஸ்கின் தலையைக் குனிந்து, சுவர்ப்பக்கம் திரும்பி, வாயைப் பொத்திக்கொண்டு "ம்... ம்..." என்பார். ஒருநாள் ஒட்டுக் கேட்டேன். வரும்போது சோப்பு வாங்கிவரச் சொல்கிறாள்! சோப்புக்கா இத்தனை போன்? ஜன்னல் வழியே பார்த்தேன். மருந்துக்கடை பூத்தில் பெஸ்ஸி நின்றுகொண்டிருந்தாள். யாரும் வாயில் எடுக்காத பெயரை ஹாலிவுட் முழுக்க உட்கார்ந்து தின்னும் இடத்தில் தினம் ஒருமுறை ஒலிக்கவைத்துக்கொண்டிருந்தாள், மகராசி.

கிரெஸ்ட்லைன் ஸ்டூடியோவின் பெரிய அதிகாரி ப்ரூயிட் இதைக் கவனித்துவிட்டார். அந்தப் பெயர் இன்னொரு முறை காதில் விழுந்தால் எங்கள் நட்சத்திரங்கள் ஒருத்தரும் இங்கே கால் வைக்க மாட்டார்கள் என்று ஆல்டோவிடம் சொல்லிவிட்டு, நடிகை ஒருத்தியோடு ஜன்னல் மேஜையில் போய் உட்கார்ந்தார்.

போன் அடித்தது. எடுத்தேன், பெஸ்ஸிதான். ஆல்டோ என் கையிலிருந்து வாங்கி, பட்டென்று வைத்தார்.

"இனிமே அவனுக்கு வந்தா பக்கத்துல போய் காதுல சொல்லு, மேவிஸ்."

"காதுல சொல்றதுக்கு இது என்ன எழவு வீடா? மத்தவங்களுக்கு எப்படியோ அப்படித்தான் அவருக்கும்."

"அப்போ வீட்டுக்குப் போ. நாளைலேருந்து வராதே."

கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். வீட்டுக்குப் போகவில்லை. தெருவைக் கடந்து நேரே மருந்துக்கடைக்குப் போனேன். பெஸ்ஸி ரிசீவரைப் பிடித்தபடி விழித்துக்கொண்டிருந்தாள். அவளை ஒதுக்கிவிட்டு நானே எண்ணைச் சுழற்றினேன்.

"பெர்நாட்டி கிரில்."

"மிஸ்டர் ஹெர்ஷ் லாஸ்கினைக் கூப்பிடுங்க."

"மேவிஸா? உன்னைத்தான் அனுப்பிட்டேனே!"

"அதனாலதான் கேக்கறேன். இப்போ நான் உங்க ஆளு இல்ல, போன் பண்ற ஆளு. போன் வந்தா கூப்பிடணும். யாரு போட்ட சட்டம்?"

"ப்ரூயிட் எதிர்ல உக்காந்திருக்கான்டி. அவன் ஆளுங்க வராம போனா நான் இங்க ஈ ஓட்டணும்."

"போலீஸ்காரன் எதிர்ல உக்காந்தப்போ ஊத்தினீங்களே?"

"அப்போ வயசு."

"இப்போ என்ன, தொண்டை போயிடுச்சா?"

டக்கென்று சத்தம். வைத்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். இல்லை. மேஜை மேல் ரிசீவரைக் கிடத்தியிருந்தார். தட்டுச் சத்தமும் பேச்சும் காதில் விழுந்தன. யாரோ இருமினார்கள்.

"மிஸ்டர் ஹெர்ஷ் லாஸ்கினுக்கு டெலிபோன்!"

கிழவரின் குரல் உடைந்துதான் வந்தது. ஆனால் ஹால் முழுக்கக் கேட்டிருக்கும். தட்டுச் சத்தம் அடங்கிவிட்டது.

"இதுக்கு நீ அனுபவிப்பே, பெர்நாட்டி." ப்ரூயிட்டின் குரல்.

"பில்லை குடுத்துட்டுப் போங்க சார்."

ப்ரூயிட் வாசலுக்கு வருவது பூத்திலிருந்து தெரிந்தது. பின்னால் அந்த நடிகை, கைத்துண்டைக்கூடக் கீழே வைக்காமல் வந்தாள். அவர்களுக்குப் பின்னால் இன்னும் இரண்டு மேஜைக்காரர்கள். பெஸ்ஸி என் கையை இறுக்கிப் பிடித்தாள். இத்தனை பேர் எழுந்துபோவதைப் பார்த்த லாஸ்கின், நம்மால்தானே இது என்று பின்வாசல் வழியாக நழுவிவிடுவாரோ என்று பயந்தேன்.

ரிசீவரை யாரோ எடுத்தார்கள்.

"ஹலோ..." அதே பொத்திய வாய்.

"யார் பேசறது?" என்றேன்.

ஹாலில் எத்தனையோ பேர் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள்.

"ஹெர்ஷ் லாஸ்கின் பேசறேன்."

என்னை ஒட்டி நின்ற பெஸ்ஸிக்கே தெளிவாகக் கேட்டுவிட்டது. அவள் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"கேக்கல சார்," என்றேன். "இன்னும் சத்தமா!"