விருந்தினர் அட்டை

வாசலில் இருந்த இயந்திரம் நான்காவது முறையாகச் சிவப்பு காட்டியது.

அவள் கட்டைவிரலைத் துண்டில் துடைத்து மறுபடி வைத்தாள். சிவப்பு. பின்னால் வரிசை முனகியது.

“நாக்குல தொட்டு வைங்க அண்ணி,” என்றாள் நாத்தனார். வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்தான். நாத்தனார் விரலுக்கு உடனே பச்சை.

“தொட்டாச்சு. வாயெல்லாம் பட்டி மாவு ருசி.”

பதினோரு வருடம் உப்புத்தாள் பிடித்துச் சுவர் தேய்த்த விரல். ரேகை எப்போதோ மாவோடு மாவாய் உதிர்ந்துவிட்டிருந்தது.

சூப்பர்வைசர் கதவைத் தானே திறந்துவிட்டார். “மூணு நாளா இதே கூத்து. மெஷினைக் கேட்டா நீ இங்க வேலையே செய்யலங்குது. நாளைக்கும் ரேகை விழலன்னா வேற ஆள் போட்டுருவேன்.”

“அந்த ஆளுக்கும் நாலு வருஷத்துல இதே விரல்தான் சார்.”

அவர் காது கேட்காதவர் போல நடந்தார்.

புதுப்பிக்கிற ஓட்டலின் மூன்றாம் மாடி. அறைச் சுவர்களில் தவளை முதுகு போலப் பழைய சொரசொரப்புப் பூச்சு. அதன் மேல் வால்பேப்பர் ஒட்டினால் நிற்காது. முன்பே சுரண்டி, சுவரைச் சமனாக்கும் பட்டி மாவை இரண்டு கை இழுத்துக் காயவிட்டிருந்தார்கள். இன்று தேய்ப்பு. ஜன்னல் பக்கச் சுவர் நாத்தனாருக்கு. மற்ற மூன்றும் அவளுக்கு.

மதியம் வால்பேப்பர்காரர் வந்தார். விளக்கைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தார். மூன்று சுவர்களில் சொல்ல ஒன்றுமில்லை. நான்காவதில் நிழல் அலையலையாய் ஓடியது.

“இது சுவரா, கடலா? என் தாள் மெலிசு. கடுகு இருந்தாலும் காட்டிக்கொடுத்துடும். ஒட்ட மாட்டேன்.”

நாத்தனார் தலை குனிந்தாள். சூப்பர்வைசருக்கு வியர்த்தது, மறுநாள் முதலாளி வருகிறார்.

அவள் உள்ளங்கையைச் சுவரில் பதித்தாள். பார்வை ஜன்னலுக்கு வெளியே. கை மட்டும் நகர்ந்தது. கை நின்ற இடமெல்லாம் பென்சிலால் வட்டம். பதினேழு வட்டங்கள்.

“இதெல்லாம் எப்படி அண்ணி தெரியுது?”

“உங்கண்ணன் கன்னத்துல பழகினது. என்னிக்கு அவர் ஒழுங்கா ஷேவ் பண்ணியிருக்கார்?”

மேட்டைத் தேய்த்தார்கள். பள்ளத்தில் பட்டி வைத்து, ஃபேன் போட்டுக் காயவைத்து, மறுபடி தேய்த்தார்கள். சாயங்காலம் விளக்கு மீண்டும் சாய்ந்தது. நிழல் விழவில்லை.

வால்பேப்பர்காரர் விளக்கை அணைத்தார். “மிச்சம் இருபத்திரண்டு ரூம் இருக்கு. இந்தம்மா கை தடவிப் பார்த்த சுவர்லதான் ஒட்டுவேன். இல்லன்னா வேற ஆளைப் பாருங்க.”

சூப்பர்வைசர் தலையைச் சொறிந்தார்.

மறுநாள் காலை. சிவப்பு. சிவப்பு. சூப்பர்வைசர் ஓடி வந்து கழுத்தில் மாட்டும் ஒரு அட்டையை நீட்டினார்.

“பேரை நோட்டுல எழுதிட்டேன். இருபத்திரண்டு ரூமும் உங்களுதுதான். மெஷினுக்கு மட்டும் இதைக் காட்டுங்கம்மா.”

நேற்றுவரை ‘நீ’. அதை அவள் கவனித்தாள்.

நாத்தனார் அட்டையைப் படித்தாள். “விருந்தினர்... அடேங்கப்பா. வாங்க, வாங்க. என்ன சாப்பிடுறீங்க?”

“ரெண்டு மூட்டை பட்டி.”

பச்சை விழுந்தது. லிஃப்ட் கதவில் ‘விருந்தினர் மட்டும், வேலையாட்கள் ஏறக்கூடாது’ என்று ஒட்டியிருந்தது. ஆளுக்கொரு மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு இருவரும் பின்பக்கப் படியில் ஏறினார்கள். ஒவ்வொரு படிக்கும் அட்டை அவள் நெஞ்சில் தட்டிக்கொண்டே வந்தது.