நீடாமங்கலத்து மாத்திரை

வாய்க்கால் கரை ரோட்டில் 108 வண்டி அலறிக்கொண்டு வந்தது. சம்பா நடவில் குனிந்திருந்த பெண்கள் கையில் நாற்றோடு நிமிர்ந்தார்கள்.

"யாருக்குடி வந்திருக்கு?"

"உன் மாமியாருக்குத்தான். போய் ஏத்தி விட்டுட்டு வா, ஒரு வாரம் நிம்மதியா இருப்பே."

சிரிப்பு அடங்குவதற்குள் வண்டி டிராக்டர் ஓட்டும் நெடுமாறன் வீட்டு வாசலில் நின்றது. அவன் தன் மனைவி செம்மொழியை இரண்டு கைகளிலும் தூக்கிக்கொண்டு வெளியே ஓடி வந்தான். அவள் தலை பின்னால் தொங்கியது.

நீலாம்பாள் கையிலிருந்த நாற்று சேற்றில் விழுந்தது. செம்மொழி நான்கு நாளாக நடவுக்கு வரவில்லை. காய்ச்சல் என்றார்கள். காய்ச்சல் இல்லை என்று நீலாம்பாளுக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது.

நீலாம்பாள் ஞானஸ்நானம் எடுத்து இரண்டு வருஷம். அன்றே தோட்டையும் மூக்குத்தியையும் கழற்றினாள். டிவி சீரியலை விட்டாள். வயலில் கெட்ட வார்த்தை பேசுவதையும் விட்டாள். அதுதான் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. சபையில் அவளுக்கு 'சாட்சி அக்கா' என்று பெயர். முந்நூற்று எண்பதில் இருந்த தன் சர்க்கரை உபவாச ஜெபத்துக்குப் பிறகு நூற்று முப்பதுக்கு இறங்கியதை அவள் சொன்னால் கூட்டம் கை தட்டும்.

இறங்கியது உண்மை. ஆனால் காலையும் மாலையும் அவள் மாத்திரை போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்து வலங்கைமானில் வாங்கினால் சபைக்குத் தெரிந்துவிடும் என்று கணவன் அரசப்பன் நீடாமங்கலம் வரை போய் வாங்கி வந்தான். மாத்திரை சாப்பிடாதீர்கள் என்று பாஸ்டர் ஒரு நாளும் சொன்னதில்லை. டாக்டரைப் பாருங்கள் என்றுதான் சொல்வார். முதல் தடவை சாட்சி சொன்னபோது அந்த ஒரு வரி விட்டுப்போனது. கைதட்டலைக் கேட்ட பிறகு அதைச் சேர்க்க அவளுக்கு மனம் வரவில்லை.

போன மாதம் வரப்பில் டீ குடிக்கும்போது செம்மொழி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சபைக்குப் புதிதாக வர ஆரம்பித்திருந்தவள். தினமும் இன்சுலின் ஊசி போடுபவள்.

"வயித்துல இனிமே குத்த இடமில்லைக்கா. நீங்க நெசமாவே மாத்திரை எதுவும் போடறதில்லையா?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். நீலாம்பாள் சிரித்தாள்.

"விசுவாசம் இருந்தா போதும்டி."

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் செம்மொழி இறந்துபோனாள். ஊசி போடுவதை நிறுத்தி ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது என்றும், இவ்வளவு தாமதமாகக் கொண்டுவந்தால் என்ன செய்வது என்றும் டாக்டர் கேட்டாராம். அடக்கத்துக்கு வந்த எல்லோரும் அதைப் பேசினார்கள். ஏன் நிறுத்தினாள் என்றுதான் அவர்களில் யாருக்கும் புரியவில்லை.

ஆறுதல் கூட்டத்துக்கு முதல் நாள் பாஸ்டர் வீட்டுக்கு வந்தார். "சிஸ்டர், நாளைக்கு நீங்க உங்க சாட்சியைச் சொல்லுங்க. அந்தக் குடும்பத்துக்குத் தைரியமா இருக்கும்."

அவர் போனதும் நீலாம்பாள், "எல்லாத்தையும் சொல்லிடப் போறேங்க" என்றாள்.

அரசப்பன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளினான். "பைத்தியமா உனக்கு? சொன்னா செத்தவ எழுந்து வந்துடுவாளா? நெடுமாறன் வெட்டிப் போட்டுடுவான். அப்புறம் எந்த மூஞ்சியை வச்சிக்கிட்டு சபைக்குப் போவே?"

"அதைத்தாங்க நானும் ரெண்டு நாளா நெனச்சிக்கிட்டிருக்கேன்."

விடியற்காலையில் முழங்கால் போட்டாள். ஜெபம் வரவில்லை. 'தோட்டைக் கேட்டீர், கொடுத்தேன். இதை மட்டும் கேக்காதேயும், ஆண்டவரே' என்பதுதான் திரும்பத் திரும்ப வந்தது. தோடு போன காதை யாரும் ஏளனமாகப் பார்த்ததில்லை. பார்த்துப் புகழ்ந்துதான் இருக்கிறார்கள். அது கொடுத்ததில் சேர்த்தியா என்றே இப்போது அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

நெடுமாறன் வீட்டு வாசலில் சாமியானா போட்டிருந்தது. அவனுக்குச் சபைப் பழக்கம் இல்லை. செம்மொழிக்குப் பிடிக்கும் என்பதால் கூட்டத்துக்குச் சம்மதித்திருந்தான். மழிக்காத முகத்தோடு கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

பாஸ்டர் பெயர் சொன்னதும் நீலாம்பாள் எழுந்தாள். வழக்கம்போல முன்வரிசையில் ஒருத்தி கை தட்டத் தயாரானாள்.

"என் சக்கரை எறங்குனது நெசம். ஆனா நான் மாத்திரை போட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். ஒரு வேளைகூட விட்டதில்லை. இன்னிக்குக் காலையிலயும் போட்டேன்."

யாரோ பழக்கத்தில் "ஸ்தோத்திரம்" என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினார்கள். அரசப்பன் தலையைக் குனிந்துகொண்டான்.

"செம்மொழி என்னை நேருக்கு நேரா கேட்டுச்சு. அப்பவும் மறைச்சேன். கைதட்டு எனக்குப் பிடிச்சிருந்துச்சு. அந்தப் பொண்ணு என்னை நம்பித்தான் ஊசியை நிறுத்துச்சு."

பர்ஸிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்தாள். செம்மொழியின் போட்டோ பக்கத்தில் வைத்தாள்.

நெடுமாறன் எழுந்து வந்தான். இரண்டு பேர் அவனைத் தடுக்க எழுந்தார்கள். அடி விழட்டும் என்று நீலாம்பாள் அப்படியே நின்றாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. அட்டையை எடுத்து, காலியான குழிகளை ஒவ்வொன்றாக விரலால் தடவினான். பேசும்போது அவன் குரல் உயரவே இல்லை.

"கடைசியா என் கையைப் புடிச்சிக்கிட்டு அழுதாக்கா. 'ஏங்க, நீலா அக்காவுக்கு இருக்கற விசுவாசம் எனக்கு இல்லாமப் போயிடுச்சே'ன்னு சொல்லிட்டுத்தான் போனா."