மாலகியின் கிளட்ச்

செத்தவர்களிடம் பேசுகிற வழக்கம் ஒழிகிற நாளில்தான் மனித குலம் உருப்படும் என்று ஃபின்டன் மெக்காலி அறிவித்தான். அறிவித்த இடம் வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையின் சிமென்ட் தரை. அவன் மல்லாந்து கிடந்தான். பக்கத்தில் அவன் அப்பாவின் பழைய ஐந்நூறு சிசி பைக், கிளட்ச் மூடி கழற்றப்பட்டு, குடலைக் காட்டிக்கொண்டு நின்றது. கேட்டுக்கொண்டிருந்தவள் அவன் தங்கை கிரான்யா மட்டும்தான். அவள் கையில் ஹாம் சாண்ட்விச் தட்டு இருந்தது.

“உள்ள போய்ப் பாரு. டிம்ப்னா அத்தை அப்பா காதுக்குப் பக்கத்துல உட்கார்ந்து ஆட்டுக்குட்டி விலை சொல்லிக்கிட்டிருக்கா. அவர் உயிரோட இருந்தப்பவே அவ பேச்சைக் கேட்டதில்ல.”

“அப்ப எந்திரிச்சு ஓடிருவாரு. இப்பதான் அவளுக்கு வசதி,” என்றாள் கிரான்யா. “வந்து டீ ஊத்து. அரைக் கிராமம் உள்ள இருக்கு.”

“மனுஷன் பொய் சொல்லுவான், கிரான்யா. மெஷின் சொல்லாது. இதுல எவனோ கை வச்சிருக்கான்.”

அவள் ஒரு சாண்ட்விச்சை அவன் நெஞ்சின் மேல் வைத்துவிட்டுப் போனாள்.

மாலகி மெக்காலி குளிர்காலம் முழுக்க அந்த இன்ஜினைப் பிரித்துப் போட்டிருந்தார். முந்தாநாள் மத்தியானம் கடைசி போல்ட்டையும் முறுக்கிவிட்டுக் கொட்டகையிலிருந்து சமையலறைக்கு நடந்தார், நாற்காலியில் உட்கார்ந்தார், டீ கேட்டார். டீ வந்தபோது அவர் இல்லை. இப்போது முன்னறையில், திறந்த பெட்டியில், கல்யாணத்துக்கு எடுத்த சூட்டைப் போட்டுக்கொண்டு, விரல்களில் ஜெபமாலை சுற்றப்பட்டு, யார் என்ன சொன்னாலும் மறுக்காதவராகக் கிடந்தார். அதுவே பலருக்கு அதிர்ச்சியாக இருந்தது.

நாளைக் காலை அடக்கம். ஆன்ட்ரிம் மாவட்டத்தின் அந்தப் பக்கத்தில் பைக் பந்தயச் சாலை ஓரமாகப் பிறந்து வளர்ந்த ஒருவர் செத்தால், சவ வண்டிக்கு முன்னால் ஒரு பைக் போகும். வீட்டு வாசலிலிருந்து கோயில் வாசல்வரை, நடப்பவர்களின் வேகத்தில். வேகமாக ஓட்ட எந்த மடையனாலும் முடியும். நடை வேகத்தில் ஒரு மைல் ஓட்டுவதற்குக் கிளட்ச் வேண்டும். “என் வண்டிதான் முன்னால போகணும், நீதான் ஓட்டணும், வழியில நின்னுச்சுன்னா நான் பெட்டியை விட்டு எந்திரிச்சு வந்துருவேன்,” என்று மாலகி பல கிறிஸ்துமஸ் விருந்துகளில் சொல்லியிருந்தார்.

இன்று காலையில் ஃபின்டன் அதை ஒரே உதையில் ஸ்டார்ட் செய்தான். கிளட்ச்சைப் பிடித்து, முதல் கியரைப் போட்டான். பைக் ஆடு மாதிரி ஒரு துள்ளு துள்ளிக் கரிக்கட்டிக் குவியலில் முட்டி அணைந்தது. கிளட்ச் பிடி கையில் செத்த மீனாகத் தொங்கியது.

கேபிளைப் பார்த்தான். நல்லாயிருந்தது. சரிசெய்யும் திருகைக் கடைசிவரை திருகினான். அப்போதும் பிடியில் உயிர் வரவில்லை. மூடியைக் கழற்றித் தட்டுகளை ஒவ்வொன்றாக உருவினான். எல்லாம் எண்ணெயில் ஊறி, ஒட்டாமல், வரிசை தப்பாமல் இருந்தன. கடைசியாக, கிளட்ச்சைத் தள்ளித் திறக்கும் கம்பியை உருவினான். கம்பி இரண்டு துண்டாக இருக்கும். இரண்டுக்கும் நடுவில் பால்ரஸ் என்கிற ஒரு சின்ன இரும்புக் குண்டு இருக்க வேண்டும்; அது இல்லாவிட்டால் பிடியின் அழுத்தம் உள்ளே போய்ச் சேராது.

குண்டு இல்லை.

ஃபின்டன் தரையைத் தடவினான். எண்ணெய்த் தட்டைத் துழாவினான். பிறகு எழுந்து உட்கார்ந்து, மனித குலத்தைச் சந்தேகிக்க ஆரம்பித்தான்.

அப்பா மறந்திருக்க முடியாது. நாற்பது வருஷத்தில் ஒரு வாஷர்கூட மாலகியின் மேஜையில் மிச்சமானதில்லை. அதை அவர் தம்பி கஹாலின் முகத்துக்கு நேராகவே சொல்வார். கஹால் எந்த இன்ஜினை மாட்டினாலும் நாலு சாமான் மிஞ்சும். அவற்றைப் போட்டுவைக்க அவரிடம் ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. “அந்த டப்பாவை மாட்டினா இன்னொரு வண்டி ஓடும்,” என்பார் மாலகி. ஊர் சிரிக்கும். கஹாலும் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்குள் எத்தனை வருஷ வஞ்சம் இருந்திருக்கும் என்பது ஃபின்டனுக்கு இப்போதுதான் உறைத்தது.

சாட்சியங்கள் குவிந்தன. நேற்று சாயங்காலம் கஹால் கொட்டகையிலிருந்து தனியாக வெளியே வந்ததை அவனே பார்த்திருந்தான். இன்று காலை கஹாலின் பைக் வேலியோரம் கழுவித் துடைத்து நின்றது. அதன் கைப்பிடியில் ஏற்கெனவே கறுப்பு நாடா கட்டியிருந்தது. முன்னால் போகப்போகிறவன்தானே நாடா கட்டுவான்?

ஃபின்டன் வீட்டுக்குள் போய் டீ ஊற்றினான். ஊற்றிக்கொண்டே கஹாலைக் கவனித்தான். கஹால் மூன்று சாண்ட்விச் சாப்பிட்டார். துக்கத்தில் இருப்பவன் மூன்று சாப்பிடுவானா? நாலாவதை எடுத்தவர், கடிக்காமல் கீழே வைத்தார். குற்ற உணர்ச்சி.

“என்னடா, என்னையே பாக்குற?”

“ஒண்ணுமில்ல சித்தப்பா. சர்க்கரை?”

“பொறந்ததுலேர்ந்து ரெண்டு போடுறேன்.”

“ஆள் மாறியிருக்கலாம்னு கேட்டேன்.”

கஹால் இரண்டு தடவை எழுந்து பின்வாசல் பக்கம் நகர்ந்தார். இரண்டு தடவையும் ஃபின்டன் டீ கெட்டிலோடு குறுக்கே நின்றான். பிறகு பங்குத்தந்தை வந்து எல்லாரும் மண்டியிட்ட நேரத்தில், ஒரு ஆள் மட்டும் குறைவாக இருந்தது.

ஃபின்டன் பாதி ஜெபத்தில் எழுந்து ஓடினான்.

கொட்டகையில் கஹால் குந்தியிருந்தார். கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டியிருந்தார். கம்பியின் ஒரு துண்டு இடது கையில். வலது கையின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில், மசகு தடவிய ஒரு பால்ரஸ் குண்டு.

“மாட்டிக்கிட்டீங்க,” என்றான் ஃபின்டன்.

“மாட்டத்தாண்டா வந்தேன், கழுதை. கதவைச் சாத்து.”

“எடுத்தவரே திருப்பி வைக்கிறீங்களா? மனசாட்சி உறுத்துதா?”

கஹால் அவனை நிமிர்ந்து பார்த்தார். கோபப்படுவார் என்று ஃபின்டன் தயாராக இருந்தான். அவர் கோபப்படவில்லை.

“இது என் டப்பாவுல கிடந்தது. நேத்து வந்து கொஞ்ச நேரம் வண்டி மேல உக்காந்திருந்தேன். கிளட்ச்சைப் பிடிச்சேன். அதுல ஒண்ணுமே இல்ல. குண்டு விட்டுப்போச்சுன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு.”

“அப்பவே சொல்லியிருக்கலாம்ல?”

“யார்கிட்ட? மாலகி ஒரு சாமானை மறந்துட்டான்னு, அவன் பெட்டியை வச்சிருக்கிற வீட்டுல நின்னுக்கிட்டு நான் சொல்லணுமா? அதுவும் நான்?” அவர் குண்டைத் துணியில் துடைத்து மறுபடி மசகு தடவினார். “யாரும் பாக்காதப்ப போட்டுட்டுப் போயிரலாம்னு பாத்தேன். நீ கெட்டிலைத் தூக்கிக்கிட்டு போலீஸ்காரன் மாதிரி நிக்கிற.”

“அப்ப உங்க வண்டில நாடா?”

“உன்னால சரிபண்ண முடியலைன்னா பெட்டி முன்னால ஆட்டுக்குட்டியா போகும்?”

ஃபின்டன் நம்பவில்லை. கதை கச்சிதமாக இருந்தது. கச்சிதமாக இருப்பதே சந்தேகத்துக்குரியது. அப்பா மறந்தார் என்பதைவிடச் சித்தப்பா திருடினார் என்பதை நம்புவது அவனுக்குச் சுலபமாக இருந்தது.

அவன் சமையலறைக்குப் போனான். அம்மா கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். இரவல் வாங்கிய கோப்பைகள். எது யாருடையது என்று கலந்துவிடாமல் தனித்தனியாக அடுக்கினாள்.

“அம்மா, அன்னிக்கு அப்பா உள்ள வந்தப்ப என்ன சொன்னார்?”

“டீ கேட்டார்.”

“வேற?”

“தன்னைத் தானே திட்டிக்கிட்டே வந்தார். மடையன், கிழட்டு மடையன்னு. எதுக்குன்னு கேக்கல. டீ போட்டுக் கேக்கலாம்னு இருந்தேன்.” அவள் ஒரு கோப்பையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். “கையை இறுக்க மூடியிருந்தார். ஜெபமாலை சுத்தறதுக்காக நான்தான் விரலைப் பிரிச்சேன். உள்ள ஒரு இரும்பு மணி. மணியா, கோலியா, என்னமோ. கடைசிவரைக்கும் பிடிச்சுக்கிட்டிருந்தாரே, ஏதோ வேண்டியதாத்தான் இருக்கும்னு கோட்டுப் பையில போட்டுவிட்டேன். ஏன், உனக்கு வேணுமா?”

ஃபின்டன் அவள் பக்கத்தில் போய் நின்றான். ஒரு துண்டை எடுத்துக் கழுவிய கோப்பைகளைத் துடைத்தான். எல்லாவற்றையும் துடைத்து முடிக்கும்வரை துடைத்தான்.

முன்னறையில் டிம்ப்னா அத்தை ஆட்டுக்குட்டி விலையை முடித்துவிட்டுத் தன் முழங்கால் வலிக்கு வந்திருந்தாள். அவன் சுவரோரம் நின்று காத்திருந்தான். அவள் மாலகியின் கையைத் தட்டி, “சரி, நான் வர்றேன். மிச்சத்தை நாளைக்குச் சொல்றேன்,” என்று சொல்லிவிட்டுப் போனாள். ஃபின்டன் கதவைச் சாத்தினான்.

சூட்டின் மேல்பையில் இரண்டு விரலை விட்டான். அடியில், துணி மடிப்பில், அது இருந்தது. ஜில்லென்று, உருண்டையாக, சரியான அளவில். வெளியே எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். ஜன்னல் அதில் குட்டியாகத் தெரிந்தது.

கொட்டகையில் சித்தப்பா காத்திருப்பார். அவர் டப்பாவிலிருந்து எடுத்த குண்டும் இதே அளவுதான்.

அவன் குண்டைச் சட்டையில் துடைத்து, மறுபடி அதே பையில் போட்டு, பையின் மூடியை விரலால் நீவிவிட்டான். கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.

“கேபிள்தான்,” என்றான் மெதுவாக. “கேபிள் கொஞ்சம் தளர்ந்திருந்துச்சு. வேற ஒண்ணுமில்ல. அப்படித்தான் எல்லார்கிட்டயும் சொல்லப்போறேன்.”

பெட்டியிலிருந்து மறுப்பு ஒன்றும் வரவில்லை.

கொட்டகைப் பக்கமிருந்து ஒரு உதை கேட்டது. பைக் இருமி, பிடித்துக்கொண்டு, சீராக ஓட ஆரம்பித்தது. பிறகு கியர் விழும் சத்தம். துள்ளவில்லை. அணையவில்லை. யாரோ அதை முற்றத்தில் நடை வேகத்தில் ஓட்டிப் பார்த்தார்கள், ஒரு சுற்று, இன்னொரு சுற்று.

ஃபின்டன் டிம்ப்னா அத்தை விட்டுப்போன நாற்காலியைப் பெட்டிக்கு அருகே இழுத்துப்போட்டு உட்கார்ந்தான்.

“ரெண்டாவது கியர் மட்டும் இன்னும் கொஞ்சம் முரண்டு பண்ணுதுப்பா,” என்றான்.