நிலையில் செய்த நாற்காலி

செத்து ஒன்றரை வருஷமான பெத்தம்மாள், ஆவணி மாதம் ஒரு புதன்கிழமை காலை ஆறரை மணிக்கு, கடை வாசலில் புது நாற்காலியில் உட்கார்ந்திருந்த பாளையம்பட்டி பழைய மரக்கடைத் தங்கசாமியின் முதுகில் புகுந்து நெஞ்சு வழியாக வெளியே வந்து, இடுப்பில் குடத்தோடு தண்ணீருக்குப் போனாள். வெறுங்குடம் என்பதால் அவருக்கு லேசாக நெஞ்சைக் கரித்ததோடு சரி. ஏழு மணிக்கு நிறைகுடத்தோடு திரும்பி அதே வழியில் உள்ளே போனபோதுதான் "ஆத்தாடி" என்று அலறினார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. குழாயில் பத்து நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வருகிற ஊர் என்பதால் அக்கம்பக்கத்தார் முதலில் அந்த ஈரத்தைத்தான் பார்த்தார்கள்.

தங்கசாமிக்கு இது வேண்டியதுதான். இடிக்கிற வீடுகளில் கதவு, தூண், உத்தரம் என்று வாங்கி ஓட்டல் கட்டுகிறவர்களுக்கு விற்கிறவர் அவர். வாசல் நிலையைப் பிடுங்குவதற்கு இந்தப் பக்கம் ஒரு முறை உண்டு. தேங்காய் உடைத்து, "இன்ன ஊருக்குப் போறே, கோவிச்சுக்கிறாதே" என்று நிலையிடம் சத்தமாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பழைய வீட்டிலேயே நிற்பதாக அது நினைத்துக்கொள்ளும். முப்பது வருஷத்தில் அவர் இதைத் தவறவிட்டதில்லை. ஆனால் திருச்சுழிக்குத் தெற்கே பெத்தம்மாள் வீடு பூட்டிக் கிடந்ததைப் பார்த்து, மத்தியான வெயிலில் பூட்டை உடைத்தபோது, தேங்காய்ச் சத்தத்துக்கு ஊர் கூடிவிடும் என்று வாயை மூடிக்கொண்டார். திருட்டுக்கு யார் தேங்காய் உடைப்பார்கள்? பெத்தம்மாள் அப்போது இடுப்பெலும்பு முறிந்து மதுரையில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். நாற்பது நாள் கழித்து ஆட்டோவில் வந்து இறங்கியவள், நிலை இருந்த இடத்தில் வெறும் பொந்தைப் பார்த்தாள். "வாசல் இல்லாத வீட்டுக்குள்ள நான் எப்பிடித்தா நுழைவேன்?" என்று மகளிடம் கேட்டாள். மகள் வீட்டுக்கு வந்தும் அதையே கேட்டுக்கொண்டிருந்து, பத்தொன்பதாம் நாள் செத்தாள்.

அந்த மகள்தான் முருகலட்சுமி. பழைய மரமும் பழைய இரும்பும் சேர்த்து மேசை, பெஞ்சு, கட்டில் செய்கிறவள். அருப்புக்கோட்டையில் ஓடாமல் போன விசைத்தறியின் பல்சக்கரம், மாட்டுவண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டை, எது கிடைத்தாலும் அவள் பட்டறையில் எதற்காவது காலாகிவிடும். ரொம்ப இழைக்கமாட்டாள், ஆணி ஓட்டையும் உரிந்த பெயிண்டும் இருந்தால்தான் டவுனுக்காரர்கள் வாங்குவார்கள். மரமெல்லாம் தங்கசாமி கடையில்தான் எடுப்பாள். அவள் பிறந்த வீடு எது என்று அவர் கேட்டதில்லை. தன் கடை வாசலில் போட்டு உட்கார ராஜா மாதிரி ஒரு நாற்காலி வேண்டுமென்று, வைரம் பாய்ந்த ஒரு வேப்பமர நிலையை அவரே அவளுக்கு ஏற்றி அனுப்பினார். அதன் இடது காலில் ஓர் அரிவாள் வெட்டு இருந்தது. வெல்டிங் படிக்கப் போகிறேன் என்று அவள் சொன்ன அன்று, அப்பா மாரிச்சாமி கோபத்தில் போட்ட வெட்டு. அதில் விரலை வைத்ததுமே அம்மா வீட்டு நிலை என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. இடது காலை இடப்பக்கமும் வலது காலை வலப்பக்கமும், மேல்சட்டத்தைத் தலைக்கு மேலும், கீழ்ச்சட்டத்தை உட்காரும் இடத்திலும் வீட்டில் நின்றபடியே இம்மி மாறாமல் வைத்து, வண்டிப்பட்டையைக் கைப்பிடியாக வளைத்துப் பற்றவைத்தாள். கிழக்குப் பார்த்துத்தான் போட வேண்டும் என்று சொல்லி அனுப்பினாள்.

நல்ல நேரம் பார்த்து உட்கார்ந்த தங்கசாமியால் எழுந்திருக்க முடியவில்லை. நிலை எங்காவது எழுந்து நடக்குமா? மகன் அசோக் கட்டிங் மிஷினை வைத்தான். நான்கு பிளேடு உடைந்தது, மரத்தில் கீறல் இல்லை. செய்தவள் கைக்குத்தான் இளகும் என்று எல்லோருக்கும் புரிந்துபோயிற்று. மனைவி கோகிலாம்பாள் அங்கேயே சோறு ஊட்டினாள். மற்ற காரியங்களைக் கேட்காதீர்கள், அது அவள் தலையெழுத்து. பெத்தம்மாள் நாளைக்கு ஆறு நடை நடந்தாள். செத்து இருபது வருஷமான மாரிச்சாமி தோளில் மண்வெட்டியோடு போய்வந்தார். இரண்டு வெள்ளாடுகளும் ஓடின. பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் பார்த்து அலுத்து, ஐப்பசிக்குப் பிறகு மறுபடி செல்போனைப் பார்க்கத் தொடங்கினார்கள். ஆள்மேல் ஆள் அனுப்பி, கார்த்திகையில்தான் முருகலட்சுமி வந்தாள். உச்சிவேளையில்தான் வந்தாள், அம்மா நடமாடுகிற நேரத்தில் வர அவளுக்குத் தைரியம் இல்லை.

"யார் வீட்டுல பிடுங்குனீகன்னு நாலு பேரு கேக்கச் சொல்லுங்க அண்ணாச்சி. சொன்ன அன்னைக்கே பிரிச்சு விடுறேன்."

"போத்தா, ஒனக்கு வேற வேலையில்ல. மொறையா வாங்குன மரம்," என்றார். இந்த நிலைமையிலும் வாய் குறையவில்லை.

பங்குனியில் மாரிச்சாமி அடுப்புக்குப் பருத்திமார் சுமக்க ஆரம்பித்தார். நாளைக்குப் பதினைந்து கட்டு. காய்ந்த குச்சிகள் விலாவெல்லாம் கிழித்துக்கொண்டு போயின. மூன்றாம் நாள் தங்கசாமி உடைந்தார். "திருச்சுழிப் பக்கம் பெத்தம்மா வீடு. அவுக உசிரோட இருக்கும்போதே பூட்டை ஒடைச்சுப் பிடுங்குனேன். திருட்டுத்தான், திருட்டுத்தான்" என்று பஸ் ஸ்டாப் முழுக்கக் கேட்கக் கத்தினார். சாயங்காலம் முருகலட்சுமி கட்டிங் மிஷினோடு வந்தாள். பிளேடு மரத்தில் ஒரு விரற்கடை சுகமாக இறங்கியது. தங்கசாமி அழுதார். அப்போதுதான் பெத்தம்மாள், இடுப்பு நேராகி, நொண்டாமல் உள்ளேயிருந்து வந்து, அவர் நெஞ்சில் நின்றபடி மகளைப் பார்த்தாள்.

"ஏத்தா, இப்பத்தான் வாரியா? வாசல்லயே நிக்காத, உள்ள வா."

முருகலட்சுமி மிஷினை அணைத்தாள்.

"பிரிச்சு விடுறேன்னு சொன்னியே தாயி," என்றார் தங்கசாமி.

"சொன்னேன் அண்ணாச்சி. எங்க அம்மாவுக்கு வேற வாசல் இல்லையே."

அறுத்த இடத்தை மரத்தூளும் பசையும் வைத்து அடைத்தாள். பிறகு தலையைக் குனிந்து, தங்கசாமி வழியாக உள்ளே போனாள். முக்கால் மணி நேரம் கழித்து, காபி குடித்த வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

இப்போதும் தினமும் போய்வருகிறாள். வெள்ளிக்கிழமைகளில் நிலைக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைக்கிறாள், தங்கசாமியின் இரண்டு முழங்காலுக்கும் சேர்த்து. போன மாதம் ஒரு வெள்ளியன்று, செய்த மேசைகளை இறக்கிக் கொடுக்க மதுரைக்குப் போய்விட்டாள். மறுநாள் வந்தவளிடம் அவர்தான் கோபித்துக்கொண்டார்.

"நேத்து யாரும் பூசல தாயி. வெறும் நிலையா நின்னேன்."

அவள் மஞ்சளைக் குழைத்து இரண்டு முழங்காலிலும் கொஞ்சம் கூடுதலாகவே பூசிவிட்டு உள்ளே போனாள்.